சிவப்புக் கோட்டுக்கு வெளியே

'முடியாது' என்ற ஒரே சொல்லை மாதம் முழுவதும் மரியாதையாகச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவே, பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு தூக்கம் போட்டு விழிப்பதற்குள் கடந்துவிடுகிற சின்ன ஊர் ஒன்றின் சபையில் நான் வெளிக்கள உத்தியோகத்தர். ஊர் சின்னதுதான், ஆனால் வீங்கிக்கொண்டே போகிறது. அதனால் கொழும்பிலிருந்து சில பெரியவர்கள் வந்து, வரைபடத்தில் ஊரைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு போட்டார்கள். கோட்டுக்கு உள்ளே வீடோ கடையோ கட்டிக்கொள்ளலாம். வெளியே மரக்கறித் தோட்டமும் தேயிலையும் இருக்கின்றன. ஊர்த் தண்ணீர்த் தாங்கிக்கும், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் பீலிக் குழாய்களுக்கும் தண்ணீர் கொடுக்கும் சேற்றுப்பள்ளமும் அங்கேதான் இருக்கிறது. அங்கே ஒரு செங்கல்லும் வைக்கக்கூடாது. கோட்டைப் போட்டவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். காவலுக்கு என்னை விட்டுவிட்டார்கள்.

கக்கத்தில் கோப்பும் கையில் அளவு நாடாவுமாக அலைகிற என் இனத்தவரே, உங்கள் ஊரில் கோட்டின் நிறம் வேறாக இருக்கலாம். வாங்கும் ஏச்சு ஒன்றாகத்தான் இருக்கும். ஆகவே உங்களிடம் சொல்லி ஆறுகிறேன்.

பேனாவின் தடிப்பு

வரைபடத்தில் கோடு மெல்லியதாகத் தெரியும். தரையில் இறங்கி அளந்தால் அந்தக் கோட்டின் தடிப்புக்குள்ளேயே ஒரு வீடும் கோழிக்கூடும் அடங்கிவிடும். பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் முதலாளியின் பின்வளவு சரியாக அந்தத் தடிப்புக்குள் மாட்டிக்கொண்டது. அவருக்கு அங்கே மாடி வைத்த களஞ்சியம் ஒன்று கட்ட வேண்டும். வாராவாரம் வந்து, வரைபடத்தை விரிக்கச் சொல்லி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்.

கோட்டின் மேல் விழுந்தால் வெளியே என்றுதான் விதி என்று ஆறாவது தடவையாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என் மேசையில் இருந்த பேனாக் குவளையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மெல்லிசா ஒரு பேனா நான் வாங்கித் தர்றேன் மிஸ். இன்னொருக்காப் போட்டுப் பாருங்க."

லீக்ஸ் குடியிருந்த வீடு

மரக்கறி நிலத்தில் விளைச்சலை வைக்க ஒரு கொட்டகை போடலாம். அதற்கு விதியில் இடம் இருக்கிறது. லீக்ஸ் பயிரிடும் ஒருவர் அப்படித்தான் அனுமதி வாங்கினார். நாலு கம்பமும் தகரமும்தான் வரைபடத்தில் இருந்தன. இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். கொட்டகைக்குச் சுவர் முளைத்திருந்தது. அடுத்த தடவை ஜன்னல் வந்திருந்தது. மூன்றாம் தடவை ஜன்னலில் பூப்போட்ட திரை ஆடியது. உள்ளே எட்டிப் பார்த்தால் மாபிள் பதித்த குளியலறை, அதில் சுடுதண்ணீர்க் குழாய்.

இது என்ன அண்ணன் என்று கேட்டேன். அவர் மூலையில் கிடந்த இரண்டு கட்டு லீக்ஸைக் காட்டினார்.

"நம்ம ஊருக் குளிருல அதுகளும் வெறைக்குமில்ல மிஸ்."

மாசி மாதத்துத் தரை

நம் தொழிலில் ஒரு உண்மை உண்டு. சேற்றுப்பள்ளத்தில் கட்ட நினைக்கிறவர்கள் எல்லாரும் மாசி மாதத்தில்தான் விண்ணப்பிப்பார்கள். அப்போதுதான் பள்ளம் காய்ந்து, மேலே புல் மஞ்சளித்து, பார்க்கப் பந்து விளையாடும் இடம் மாதிரி இருக்கும். கொழும்பு முதலாளி ஒருவர் அப்படித்தான் வந்தார். பள்ளம் முழுவதையும் தோட்ட நிர்வாகத்திடமிருந்து நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து, மண் போட்டு நிரப்பி, வெள்ளைக்காரர்கள் வந்து மூடுபனியைப் பார்க்க ஒரு ஹோட்டல் கட்டுவது அவர் திட்டம். விண்ணப்பத்தோடு பத்துப் படங்களை இணைத்திருந்தார். பத்திலும் சப்பாத்துக் காலோடு பள்ளத்தின் நடுவே அவரே நின்றார்.

ஆனி மாத மழையில் அவரை மறுபடி கூப்பிட்டு, ஒருக்கால் வந்து பாருங்கள் என்றேன். வந்தார். வாகனத்தை விட்டு இறங்கி இரண்டு எட்டு வைத்தார். ஒரு சப்பாத்து உள்ளே போய்விட்டது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து அவரை இழுத்தெடுத்தார்கள். சப்பாத்து கிடைக்கவில்லை. ஒற்றைக்காலில் நின்றபடி அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மிஸ், நீங்க என்னை வேற எடத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க."

முடியாது என்று அறிக்கை எழுதி மேலே அனுப்பினேன். மேலே போன கோப்பு அங்கேயே தங்கிவிட்டது. அனுமதியும் வரவில்லை, மறுப்பும் வரவில்லை.

ஏழு பேர்ச்

அதே பள்ளத்துக்கு இன்னொரு விண்ணப்பம் வந்தது. கேட்டவர் ராமையா அண்ணன். தோட்டத்தில் மருந்தடிக்கிறவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். பள்ளத்துக்குக் கீழே இருக்கிற லயத்தில் காம்பரா என்கிற ஒற்றை அறையில் அவர், மனைவி, இரண்டு மகன்கள், மூத்தவனின் மனைவி, கைக்குழந்தை என்று ஆறு பேர். பள்ளத்தின் ஓரத்தில் ஏழு பேர்ச், ஒரு சின்ன வீட்டுக்குப் போதுமான நிலம், கொடுக்கத் தோட்டம் ஒத்துக்கொண்டது. சபை அனுமதித்தால் போதும்.

நானும் லயத்தில் பிறந்தவள்தான். ஒரு காம்பராவில் ஆறு பேர் என்றால், யார் எப்போது சட்டை மாற்றுவது என்பதற்குக்கூட முறை வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அளந்து பார்த்தேன். ஊற்று கசிகிற இடத்திலிருந்து எண்ணிப் பன்னிரண்டு எட்டுத் தூரம்தான். அங்கே ஒரு மலக்குழி வெட்டினால் கீழே இருக்கிற எல்லாப் பீலியும் போச்சு.

"ஒங்க லயத்துக்கே தண்ணி இங்கருந்துதானே அண்ணன் வருது?" என்றேன்.

"தெரியும் மிஸ். ஓரத்துலதான கேக்குறேன்."

"ஒங்களுக்குக் குடுத்தா அடுத்த வாரம் இருபது பேரு ஓரத்துல கேப்பாங்க."

அவர் வாதாடவில்லை. வாதாடியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். மேலே தமிழிலும் கீழே சிங்களத்திலும், 'இவ்விடம் குடிநீர் ஊற்றைக் கொண்டிருப்பதால் எவ்விதக் கட்டுமானத்துக்கும் நிரப்புதலுக்கும் அனுமதி வழங்க முடியாது' என்று எழுதி, முத்திரை குத்தி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நின்றபடியே இரண்டு தடவை வாசித்தார்.

"தண்ணிக்குக் கோடு போட்டீங்க, சரிங்க மிஸ். எங்களுக்குப் போட்ட கோட்டுக்குள்ள நாங்க நாலு தலமொறையா இருக்கோம்."

அன்று பஜார்வரை நடந்தே வந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் கடிதத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றியிருக்க மாட்டேன்.

போயா விடுமுறை

மண் கொட்டுகிறவர்கள் நாள்காட்டியை நம்மைவிடக் கவனமாகப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை பௌர்ணமிப் போயா வந்தால் மூன்று நாள் அலுவலகம் பூட்டு. திங்கள் காலை போய்ப் பார்த்தால் பள்ளம் மேடாகியிருக்கும். மேடான பிறகு மண்ணை அள்ளு என்று எழுதுகிற கடிதத்துக்கு என்ன மதிப்பு என்பது உங்களுக்கே தெரியும்.

அப்படி வந்த ஒரு போயாவன்று காலை நான் வீட்டில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். ராமையா அண்ணனின் மருமகள் போன் பண்ணினாள். பள்ளத்து ரோட்டில் மண்ணோடு ஐந்து டிப்பர், கூடவே மண் தள்ளுகிற பெக்கோ இயந்திரம் ஒன்று, மாமா போய் நடுவில் நிற்கிறார் என்றாள். ஓட்டோ பிடித்துப் போனேன். விதியையும் தண்டத்தையும் பற்றி என்னென்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

பேச வேலையே இருக்கவில்லை. எங்கள் தோட்டத்து மக்கள் முத்திரை குத்திய எந்தக் கடுதாசியையும் எறிய மாட்டார்கள். ஒரு காலத்தில் குடியுரிமைக் கடுதாசி இல்லாமல் நாடே இல்லாதவர்களாக நின்ற அனுபவம் அது. பிறப்புப் பத்திரம், பென்சன் கடிதம், ஆஸ்பத்திரித் துண்டு எல்லாவற்றையும் போட்டோக்கொப்பிக் கடையில் கொடுத்து லேமினேட் பண்ணி டிரங்குப் பெட்டியில் வைப்பார்கள். ராமையா அண்ணன் என் மறுப்புக் கடிதத்தையும் அப்படிப் பண்ணி வைத்திருந்தார். சாரல் மழையில் நனையாத அந்தக் கடிதத்தை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு முதல் டிப்பருக்கு முன்னால் நின்றார். சாரதி சிங்களத் தம்பி. கீழ்ப்பாதியை ஒரு தடவை வாசித்தான், சாவியைத் திருப்பி இயந்திரத்தை நிறுத்தினான். பின்னால் வந்த நாலும் தானாக நின்றன.

ஹோட்டல்காரரின் மேற்பார்வையாளர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். இந்தக் கடிதம் உனக்கு வந்தது, எங்கள் முதலாளிக்கு அப்படி ஒன்றும் வரவில்லை, வழியை விடு என்றார். சட்டப்படி பார்த்தால் அவர் சொன்னது சரி. நான் கைப்பையில் விதிப் புத்தகத்தைத் தேடினேன். ராமையா அண்ணன் தேடவில்லை.

"நான் கட்டுனா தண்ணி கெட்டுப்போகும்னு எழுதியிருக்கு சார். ஒங்க மொதலாளி மண்ணைக் கொட்டுனா கெடாதா? தண்ணிக்கு ஆளு தெரியுமா?"

ஒரே இடம், ஒரே பதில்

டிப்பர்கள் பின்னோக்கியே நகர்ந்து போய், ரோட்டில் இடம் பார்த்துத் திரும்பின. செவ்வாய்க்கிழமை கூட்டத்தில், மாதக்கணக்காகத் தூங்கிய கோப்பு மேசைக்கு வந்தது. ஊற்று, பீலி, கீழே இருக்கிற லயங்கள் என்று நான் பக்கம் பக்கமாக எழுதியதை யாரும் புரட்டவில்லை. செயலாளர் தயங்கித் தயங்கி ஒரு விஷயம்தான் சொன்னார். இதே இடத்துக்கு ஒரு தொழிலாளிக்கு மறுப்புக் கடிதம் போயிருக்கிறது, அவர் அதைப் பிளாஸ்டிக்கில் வேறு போட்டு வைத்திருக்கிறார் என்றார். சபைக்குத் தலைவரான தவிசாளர் நெற்றியைத் தடவினார். ஹோட்டலுக்கும் மறுப்பு என்று தீர்மானம் ஆனது. வெளியே வரும்போது தவிசாளர் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்:

"இனிமே லேமினேட் பண்ண முடியாத கடுதாசியில அடிக்க ஏலாதா மிஸ்?"

காம்பராவுக்குள் ஒரு கயிறு

அன்று மாலையே சேதி சொல்ல லயத்துக்குப் போனேன். ராமையா அண்ணன் காம்பராவுக்குள் பலகை மேல் ஏறி நின்று, சுவருக்குச் சுவர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். இளைய மகனுக்கும் பெண் பார்த்து முடித்தாயிற்றாம், தையில் கல்யாணம். சேலையை மடித்துத் தொங்கவிட்டு அறையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நடுவைச் சரியாகப் பிடிக்க, என் கையிலிருந்த அளவு நாடாவை வாங்கிக்கொண்டார். ஒரு முனையைச் சுவரோரம் நான் பிடித்தேன். பாதிக்குப் பாதி ஐந்தடி வந்தது.

பள்ளம் தப்பிவிட்டது என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பலகையிலிருந்து இறங்கி, பீலிக்கு இனி வருசம் பூராவும் தண்ணி நிக்காது என்று பக்கத்துக் காம்பராவரை கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். மருமகள் வெறுந்தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். அந்த ஊற்றுத் தண்ணீர்தான், நல்ல ருசி. என்னைப் பாராட்டினார்கள். எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். நான் கிளம்பும்போது அவர் நாடாவைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். கேலியாக இல்லை, கோபமாகவும் இல்லை. தெரிந்தவரிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்:

"எங்க கட்டக்கூடாதுன்னு கடுதாசி குடுத்தீங்க, அது நல்லாத்தான் வேலை செஞ்சுச்சு. எங்க கட்டலாம்னு ஒரு கடுதாசி எப்ப மிஸ் குடுப்பீங்க?"

இருபது வருட சேவையில் எங்கள் சபையின் எல்லா மேசைகளையும் எனக்குத் தெரியும், அந்தக் கடிதத்தை எழுதுகிற மேசை எது என்பதைத் தவிர.