இடது கை மயில்

மலேசியாவில் ஜொகூர் மாநிலத்துத் தங்காக் பட்டணத்தில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் பத்தொன்பது வருஷம் ரவிக்கை தைத்தவள் யோகேஸ்வரி. கடைக்காரர் தையல் பகுதியை மூடியபோது ஒரு பழைய தையல் இயந்திரத்தைக் கொடுத்து அனுப்பினார். அதற்குப் பிறகு வந்த பிழைப்பு முழுக்கக் கைப்பேசி வழியாக வந்தது. ஆரி ஊசி பிடிக்கக்கூட அவள் யாரிடமும் போய்க் கற்கவில்லை. திரையில் ஓடும் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கிழிந்த படுக்கை விரிப்பில் மணி கோத்துப் பழகினாள். சரியில்லை என்றால் பிரிப்பாள், மறுபடி போடுவாள். சரியாக வர இரண்டு வருஷம் பிடித்தது.

கடைக்கு வந்தவர்கள் எல்லாம் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள். இப்போது மூவார், குளுவாங், ஜே.பி. என்கிற ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று எங்கிருந்தோ கேட்கிறார்கள். அவள் கைப்பேசியில் நானூறு பேரின் எண்கள் இருந்தன. அவர்களில் பாதிப் பேரின் முகம்கூட அவளுக்குத் தெரியாது. சேலையும், அளவுக்கு ஒரு பழைய ரவிக்கையும் ஜே.பி.யிலிருந்து, ஊர் ஊராகப் பொட்டலம் ஏற்றி ஓடும் அர்ச்சுனனின் வேனில் வரும். தைத்த ரவிக்கை அதே வேனில் திரும்பிப் போகும்.

ஆளை நேரில் பார்க்காமல் தைப்பதால் தனக்கென்று இரண்டு விதிகள் வைத்திருந்தாள். வாடிக்கையாளர் அனுப்பிய படத்தில் இருப்பதை மாற்றக் கூடாது. வெட்டி மிஞ்சிய துணி துண்டாக இருந்தாலும் பையில் போட்டு ரவிக்கையோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தையல்காரி துணியைச் சுருட்டிக்கொண்டாள் என்ற பேச்சு ஒரு குழுவில் எழுந்தால் போதும், ஒரே நாளில் நானூறு பேருக்கும் போய்விடும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லோஷினி காணொளியில் அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கல்யாணம். சிங்கப்பூரில் மின்னணுத் தொழிற்சாலை வேலை. உள்ளே கைப்பேசி கொண்டுபோக விடமாட்டார்கள். இடைவேளையில் அலமாரியைத் திறந்து எடுத்தால்தான் உண்டு. கல்யாணத்துக்கு முந்தைய நாள்தான் விடுப்பு தொடங்குகிறது என்று முன்பே சொல்லியிருந்தாள்.

"அக்கா, காட்டுங்கக்கா, காட்டுங்க! பத்து நிமிஷந்தான் பிரேக்."

யோகேஸ்வரி ரவிக்கையைத் தூக்கிப் பிடித்தாள். அரக்கு நிறப் பட்டு. ஒரு கை வெறுமை. மறு கையில் தோளிலிருந்து முழங்கைவரை தோகை தொங்கவிட்ட மயில். பச்சையும் நீலமுமாக மணிகள். பன்னிரண்டு நாள் வேலை.

"அலமாக்! அப்பாவோட காவடி மயில் மாதிரியே இருக்குக்கா."

லோஷினியின் அப்பா தைப்பூசத்துக்கு மயில் காவடி எடுத்தவர். போன வருஷம் தவறிப்போனார். மயில் கேட்ட அன்றே அவள் அதைச் சொல்லியிருந்தாள்.

"ஒத்த முந்தானைதாங்க்கா விடப்போறேன். முந்தானை இந்தக் கையை மூடிக்கும். மயிலு இந்தப் பக்கம் பளிச்சுன்னு தெரியும். அம்மா பாத்தா அழுதுடுவாங்க." அவள் இடது தோளைத் தொட்டாள். பிறகு வலது தோளைத் தட்டிக் காட்டினாள். "சரிக்கா, கூப்புடுறாங்க. சாயந்தரம் அர்ச்சுனண்ணன்கிட்ட குடுத்துடுங்க!"

திரை அணைந்தது. யோகேஸ்வரி ரவிக்கையை மேசையில் விரித்தாள். மயில் இடது கையில் இருந்தது.

ஒரு கணம் லோஷினிதான் கைமாறித் தொட்டாள் என்று நினைத்தாள். உடனே அவள் முகம் நினைவுக்கு வந்தது. சிரித்தபோது மினுங்கிய மூக்குத்தி வலது பக்கம் இருந்தது. யோகேஸ்வரி பழைய உரையாடலை மேலே தள்ளிப் போனாள். மூன்று வாரத்துக்கு முன் லோஷினி அனுப்பிய படம். ஜே.பி.யில் ஏதோ கடையில் மாதிரி ரவிக்கையைப் போட்டுப் பார்த்து, முன்பக்கக் கேமராவில் தானே எடுத்தது. அதில் மூக்குத்தி இடது பக்கம் இருந்தது.

கண்ணாடியில் தெரிவதுபோல் படம் பக்கம் மாறிச் சேமிப்பாகியிருந்தது.

அவள் கேட்காமல் விடவில்லை. அந்தப் படத்திலேயே மயில் இருக்கும் கையைச் சிவப்பு வட்டம் போட்டு, 'இந்தக் கைதானே?' என்று கேட்டிருந்தாள். 'ஆமாக்கா, அதேதான்' என்று பதில் வந்திருந்தது. இருவரும் ஒரே படத்தைப் பார்த்துத்தான் பேசினார்கள். முந்தானை மூடும் கையில் மயில் எதற்கு என்று மனதுக்குள் ஒரு கேள்வி வரத்தான் செய்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எப்படியெல்லாமோ கட்டுகிறார்கள், படத்தை மாற்றக் கூடாது என்று ஊசியை எடுத்துவிட்டாள்.

உடனே செய்தி அனுப்பினாள். இரண்டு கோடுகள் விழுந்தன, நீலமாகவில்லை. அழைத்தாள். அடித்து ஓய்ந்தது. கைப்பேசி மறுபடியும் அலமாரிக்குள் போய்விட்டது. அடுத்த இடைவேளை பன்னிரண்டரைக்கு. லோஷினியின் அம்மா எண் யோகேஸ்வரியிடம் இல்லை. வீடு எந்தத் தாமானில், எந்தக் குடியிருப்பில் என்றுகூடத் தெரியாது.

அவள் கணவன் ஜெயபாலன், மூவார் நாற்காலித் தொழிற்சாலையில் லோரி ஓட்டுபவர், அன்று விடுப்பில் இருந்தார். விஷயத்தைக் கேட்டு வட்டம் போட்ட படத்தைப் பார்த்தார்.

"இதுல உன் தப்பு என்னா இருக்கு? அதுதானே ஆமான்னு சொல்லுச்சு. மெசேஜ் இருக்குலா. பேசாம குடுத்துடு."

"குடுத்துட்டு?"

"கேட்டா இதைக் காட்டு."

"கல்யாணத்தன்னைக்கு மணவறையில உக்காந்துக்கிட்டு மெசேஜைக் காட்டுவாளா அவ? அப்பன் மயிலு முந்தானைக்குள்ள கெடக்கும்."

"சரி, ரெண்டு கையையும் பிரிச்சு மாத்தித் தைச்சுடு. ரெண்டும் கைதானே?"

"நீங்க லோரிக்கு முன் டயரையும் பின் டயரையும் மாத்திப் போடுவீங்க. கைக்கு முன் பக்கம் ஆழமா வெட்டியிருக்கு. மாத்தித் தைச்சா அக்குள்ள இழுக்கும், கையத் தூக்கி மாலை போட முடியாது. மயிலும் முதுகைப் பாத்துக்கிட்டு நிக்கும்."

ஒரே வழிதான் இருந்தது. மயிலை ஓரத்தோடு வெட்டி எடுத்து வலது கையில் வைத்துத் தைக்க வேண்டும். தலையையும் கழுத்தையும் மட்டும் பிரித்து, முன்பக்கம் பார்க்கும்படி புதிதாகப் போட வேண்டும். ஓட்டை விழுந்த இடது கைக்குப் பதிலாக வேறு கை வேண்டும். சேலையோடு வந்த துணியில் இனி ஒரு முழம் கிடையாது. ஆனால் மிச்சத் துண்டுப் பை இருந்தது. துண்டுகளைத் தரையில் பரப்பி, கை அச்சை அவற்றின்மேல் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். மூன்று துண்டை ஒட்டுப் போட்டால் ஒரு கை வரும்.

எட்டு மணி நேர வேலை. மணி ஒன்பதரை. வேன் ஆறு மணிக்கு. பன்னிரண்டரைவரை பதிலுக்குக் காத்திருந்தால் முடியாது. கேட்காமல் வெட்டினாலோ, இன்னொருத்தியின் கல்யாணத் துணி அது. கோணலாகப் போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

கைப்பேசியை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்து ஜெயபாலனிடம் சொன்னாள். "பட்டனை அமுக்குங்க. நான் வெட்டுறதை எடுங்க."

"மாட்டிக்கிறதுக்கா?"

"அவ பாக்கணும்."

கேமராவைப் பார்த்து, படம் பக்கம் மாறியதையும் தான் செய்யப்போவதையும் சொன்னாள். பிறகு கத்தரிக்கோலைத் தோகையின் ஓரத்தில் வைத்தாள். பட்டு கிழியும் சத்தம் எப்போதும் கேட்கும் சத்தம்தான். அன்று அதைக் கேட்டு ஜெயபாலன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்டி முடிந்ததும் அந்தக் காணொளியை லோஷினிக்கு அனுப்பிவிட்டு அவள் ஊசியை எடுத்தாள்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு மயிலுக்குத் தலை இல்லை. வலது கையில் தோகை பாதிதான் ஊன்றியிருந்தது. கைப்பேசி அடித்தது. ஜெயபாலன் எடுத்து அவள் காதில் வைத்தார்.

"அக்கா... வெட்டிட்டீங்களா?"

"ஆமாம்மா."

"என்னைக் கேக்காமலா?"

"கேக்கப் பாத்தேன். நீ உள்ள இருந்த."

"ஐயோ, அக்கா! அது எங்கம்மா எடுத்துக் குடுத்த சேலை. மயிலு அந்தக் கையிலயே இருந்திருந்தா நான் எப்படியாச்சும் முந்தானைய மடிச்சிருப்பேன். இப்ப இதுவும் இல்லாம போச்சுன்னா?" குரல் உடைந்தது. பின்னால் யாரோ மலாயில் சிரித்துப் பேசினார்கள். "படத்துல எனக்கே தெரியலையேக்கா. நானும் ஆமான்னு சொன்னேனே."

"இடது கையில ஒட்டு இருக்கும். அதைச் சொல்லிடுறேன். மயிலு நீ சொன்ன இடத்துல இருக்கும்."

"ஆறு மணிக்குள்ள முடியுமா?"

யோகேஸ்வரி ஊசியைப் பார்த்தாள். "முடியணும்."

இடைவேளை முடிந்திருக்க வேண்டும். இணைப்பு அறுந்தது. சரி என்றாளா, வேண்டாம் என்றாளா என்று யோகேஸ்வரிக்குத் தெரியவில்லை. திரும்ப அழைத்துக் கேட்கவும் வழியில்லை.

பிறகு அவள் எழவில்லை. ஜெயபாலன் மணிகளை நிறம் பிரித்துத் தட்டில் வைத்தார். சோற்றைப் பிசைந்து கொண்டுவந்தார். அவள் இரண்டு வாய் வாங்கினாள். நான்கு மணிக்குக் கழுத்து முடிந்தது. அலகு சற்றே தூக்கலாக வந்துவிட்டது. பிரித்தாள்.

"யாருக்குத் தெரியப் போவுது யோகேஸ்?"

"எனக்குத் தெரியுது."

ஆறு மணிக்கு வேன் ஒலி எழுப்பியது. அர்ச்சுனன் வாசலில் வந்து நின்றார்.

"ரெடியாக்கா?"

"இன்னும் கால் மணி நேரம் நில்லுங்க தம்பி."

"வெள்ளிக்கிழமைக்கா. ஆயர் ஈத்தாம் தாண்டுனா ஜாம் புடிச்சுக்கும். குளுவாங்ல வேற ரெண்டு பேரு பொட்டலத்துக்கு நிக்கிறாங்க."

"கல்யாண பிளவுஸ் தம்பி."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். தலை நிமிராமல் ஓடும் ஊசியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். ஆறு இருபத்திரண்டுக்கு யோகேஸ்வரி கடைசி முடிச்சைப் பல்லால் கடித்தாள். மிச்சத் துண்டுப் பையையும் சேர்த்து வைத்தாள். அதில் இப்போது இரண்டு விரல் அகலத் துணிகூட இல்லை. வெட்டுப்பட்ட பழைய கையும் மயில் வடிவ ஓட்டையோடு அதற்குள் இருந்தது.

சனிக்கிழமை லோஷினியிடமிருந்து 'கிடைச்சது' என்று ஒரு சொல் வந்தது. அவ்வளவுதான். யோகேஸ்வரி அன்று எந்த ஆர்டரையும் தொடவில்லை. குழுவில் யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிறு மத்தியானம் ஒன்றே காலுக்குப் படம் வந்தது. அவள் முதலில் பார்த்தது மூக்குத்தியை. வலது பக்கம். யாரோ பின்பக்கக் கேமராவில் எடுத்தது. அதற்குப் பிறகுதான் கண்ணைக் கீழே இறக்கினாள். மாலைக்கும் வளையலுக்கும் நடுவே வலது கையில் மயில் நின்றது, மாப்பிள்ளையை எட்டிப் பார்ப்பதுபோல. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி ஓரத் தையலைத் தேடினாள். தோகையின் அடியில் ஒரு மணி சாய்ந்திருந்தது. அது ஒன்றுதான்.

படத்தின் கீழே லோஷினி எழுதியிருந்தாள். 'அம்மா மயிலைத் தொட்டுக்கிட்டே இருந்தாங்கக்கா. ஒட்டுக் கையை யாருக்கும் காட்டல. அன்னைக்குக் கத்துனதுக்கு சாரி.'

அடுத்த நாள் யோகேஸ்வரி நானூறு பேருக்கும் ஒரே செய்தி அனுப்பினாள். மாதிரிப் படம் எடுக்கும்போது எல்லோரும் வலது மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருக்க வேண்டும். இல்லாத படத்துக்கு ஊசி எடுக்கமாட்டேன். சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. குளுவாங்கிலிருந்து சாந்தினி கேட்டாள். "நாசி லெமாக் சோத்துப் பொட்டலத்துல சுத்துற ரப்பர் போதுமாக்கா? இல்ல தங்கத்துல போடணுமா?"

"எதுனாலும் போடு. வலது கையில போடு," என்று யோகேஸ்வரி பதில் அனுப்பினாள். பிறகு சாந்தினி அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி, சிவப்பு ரப்பர் எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்தாள்.