கிரீஸ் பூசிய சட்டி

அவன் என் அம்மாவின் கடைசித் தங்கை பெற்ற ஒரே பிள்ளை. எனக்குத் தம்பி முறை. ஆயுசு பூராவும் லேத் பட்டறையில் இரும்பு கடைந்தவன். பெண்டாட்டி செத்துப்போன பிறகு, பேச்சுக்குக்கூட ஆள் இல்லாத வீட்டில் அவனும் ஒரு வார்ப்பிரும்புச் சட்டியும்தான் மிச்சம்.

சட்டி அவள் வாங்கியது. வந்தபோது சாம்பல் நிறம். எண்ணெய் தடவி, சூடு காட்டி, மறுபடி தடவி, வருஷக்கணக்கில் பழக்கினாள். முகம் பார்க்கலாம் போல அப்படி ஒரு கறுப்பு. முட்டையை உடைத்து ஊற்றினால் தானாக நழுவித் தட்டுக்கு வரும். கனமான சட்டி என்பதால் சூடும் சட்டென்று இறங்காது. அவனுக்குத் தெரிந்த சமையல் அந்த முட்டை ஒன்றுதான். வெங்காயம் சுருசுருக்கிற சத்தம் கேட்டால் வீட்டில் யாரோ இருப்பது போல இருக்கிறது என்பான்.

மகளுக்குப் பிரசவம் என்று வெளியூர் போனான். திரும்பி வர மாதங்கள் ஆகும். பட்டறையை நீண்ட நாள் பூட்டும்போது மெஷினுக்குச் செய்வதையே சட்டிக்கும் செய்தான். கெட்டியாக கிரீஸ் பூசி, காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டுப் போனான். இரும்புக்கு அவன் அறிந்த மரியாதை அது!

வந்து அடுப்பில் வைத்தால், சமையலறை முழுக்கப் பட்டறை நாற்றம். சட்டியைப் பையில் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான்.

"என்னடா இது, ரிப்பேருக்கு வந்த சாமானா?"

"துருப் பிடிச்சிடும்னு கிரீஸ் போட்டேன்க்கா."

"உன் பொண்டாட்டி இருந்திருந்தா மிச்ச கிரீஸை உன் தலையில தேச்சிருப்பா."

சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"கழுவினா போயிடுமா?"

"ஊறிப்போச்சுடா. நெருப்புல போட்டு எரிச்சாத்தான் போகும். கறுப்பும் சேர்ந்து போயிடும்."

"மொத்தமுமா?"

"மொத்தமும்தான்."

"அது அவ ஏத்தின கறுப்புக்கா."

"அப்படியே மாட்டி வச்சுக்கோ. சமைக்க வேற வாங்கிக்கலாம்" என்றேன். சட்டியை மறுபடி பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான்.

கொஞ்ச நாள் ரொட்டியைத் தின்று ஓட்டினான். பிறகு ஒரு காலையில் கொல்லைப்புறத்தில் விறகை அடுக்கி, சட்டியை அதில் வைத்தான். நானும் போயிருந்தேன். தீ அணையும்வரை அவன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே எடுத்தபோது கடையில் வாங்கிய அன்றைக்குப் போல வெளிறிக் கிடந்தது.

அன்றே எண்ணெய் தடவிச் சூடேற்ற ஆரம்பித்தான். முதல் முட்டை அடியோடு ஒட்டிக்கொண்டது. கரண்டியால் சுரண்டி, நின்றபடியே தின்றான்.

"ராத்திரிக்கு எங்க வீட்டுக்கு வாடா. எல்லாரும் இருப்பாங்க, சேர்ந்து சாப்பிடலாம்" என்றேன்.

"இல்லக்கா, ராத்திரியும் இதுலயே ஏதாவது பண்ணணும்" என்று துணியால் சட்டியைத் துடைத்தான். "இப்பதானே பழக ஆரம்பிச்சிருக்கு. ஒரு வேளை விட்டாலும் என்னை மறந்துடும்."