மூன்று கை டிரம்மர்

பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் அப்போது என் வேலை, ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு ஆட்களுக்குப் பின்னால் நிற்பது. ஒரு போல்ட்டை முடுக்க எத்தனை நொடி ஆகிறது, அந்த நேரத்தில் இடது கை சும்மா இருக்கிறதா என்று குறித்துக்கொள்வேன். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வரும். என் மனைவி ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் பாதியிலேயே நான் முடித்து வைத்துவிடுவேன். நேரம் மிச்சம் என்று எனக்கு அதில் பெருமை வேறு.

கல்யாணத்துக்கு முன் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவள். ஈஜிபுராவுக்குக் குடிவந்த பிறகு பாட்டு தானாகவே நின்றுபோனது. கம்ப்யூட்டர் வாங்கியதும், அவளே எழுதிய பாட்டு ஒன்றை வீட்டிலேயே ரெக்கார்ட் செய்யலாம் என்று நான்தான் நச்சரித்தேன்.

"ஒரே ஒரு பாட்டு. சரியா வரலைன்னா அப்புறம் என்னைப் பாடச் சொல்லக்கூடாது" என்றாள்.

தண்ணீர் லாரி தெருவைத் தாண்டும்வரை காத்திருந்து, சத்தம் வராமலிருக்க ஜன்னலில் கனத்த ரஜாய்ப் போர்வையைத் தொங்கவிட்டு, தொடையில் தட்டியபடி பாடி முடித்தாள். டிரம்ஸ் என் பொறுப்பு. மவுஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாகத் திரையில் இருந்த கட்டத்துக்குள் வைத்தேன். அவள் குரல் அடிக்குப் பிந்திய இடங்களையெல்லாம் வெட்டி முன்னால் இழுத்தேன். வரிகளுக்கு நடுவே கேட்ட மூச்சை இரைச்சல் என்று அழித்தேன்.

ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு, "இந்த டிரம்ஸ் வாசிக்கிற ஆளுக்கு எத்தனை கை?" என்றாள்.

எண்ணிப் பார்த்தேன். சிம்பலில் ஒரு கை, ஸ்நேர் டிரம்மில் ஒரு கை, அதே நொடியில் பக்கத்து டிரம்மில் இன்னொரு கை. ஊரார் கையை எண்ணிச் சம்பளம் வாங்குகிறவன் செய்த வேலை இது. மானம் போயிற்று.

"கை கிடக்கட்டும். பாடுறது யாரு? நான் இல்ல. நான் நடுவுல மூச்சு விடுவேன்" என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள்.

இனி இவள் பாடவே மாட்டாள் என்று பயந்துபோனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவள் முதலில் பாடியதை அப்படியே திரும்ப எடுத்து வைத்தேன். டிரம்மரின் மூன்றாவது கையை எடுத்தேன். சில அடிகளின் சத்தத்தைக் குறைத்தேன், சிலதைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். இரண்டாவது வரிக்கு முன்னால் அவள் எப்போதும் நீளமாக மூச்சிழுக்கிறாள். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது. அந்த இடத்தில் டிரம்ஸை அவள் வரும்வரை நிற்க வைத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கால் கட்டைவிரல் ஆடியது.

"இவன் பரவாயில்ல" என்றாள். "நான் முடிக்கிற வரைக்கும் காத்திருக்கான்."

சுருக்கென்று தைத்தது.

"இன்னொரு பாட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பழைய ஆளாக இருந்தால், 'வேண்டாம், அதானே?' என்று நானே முடித்திருப்பேன். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"நோட்டுல இருக்கு. எடுத்துட்டு வரட்டுமா?" என்றாள்.