பூனைக்காது வைத்தியர்

மா ஜோங்குவுக்கு நாற்பத்தெட்டு வயது. குன்சான் நகரத்தில், மின்தூக்கி இல்லாத பழைய அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் பாட்டில் கட்டுகளைச் சுமந்துபோய்க் கொடுப்பது வேலை. அவருடைய வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் உண்டு, சனிக்கிழமை. அந்த நாளிலும் இரண்டே மணி நேரம், மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை. மற்றதெல்லாம் படிக்கட்டு.

அந்த இரண்டு மணி நேரம் அவர் பூனைக்காது வைத்த வைத்தியராக மாறிவிடுவார். கணினி விளையாட்டில்தான். மகள் செரின் வாள் வீசும் வீராங்கனை. அவள் முன்னால் பாய்ந்து பூதங்களை வெட்டுவாள், அப்பா பின்னால் நின்று அவளுக்குப் படும் காயங்களை ஆற்றவேண்டும். காது, வால் எல்லாம் அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. கப்பல் கட்டும் தளத்தில் பதினேழு வருடம் வெல்டிங் செய்த ஆள், சொன்னபடி காதை மாட்டிக்கொண்டு நின்றார்.

தளத்தை மூடினார்கள். அடுத்த வருடம் குடும்பமும் பிரிந்தது. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு யோங்கின் நகரத்துக்குப் போனாள், அங்கே வேறு கல்யாணமும் செய்துகொண்டாள். மாதம் இரண்டு முறை மகளைப் பார்க்கலாம் என்று நீதிமன்றம் எழுதிக் கொடுத்திருந்தது. இரண்டு ஒன்றாயிற்று. பிறகு டியூஷன் வந்தது, பரீட்சை வந்தது, "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" வந்தது. யார்மேலும் தப்பில்லை என்று ஊரில் சொன்னார்கள். எனக்கென்னவோ, தப்பென்று கைநீட்ட ஓர் ஆள் கிடைத்திருந்தால் ஜோங்கு இன்னும் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

பண்டிகைக்குப் பண்டிகை தொலைபேசியில் ஒரு நிமிடம் பேசுவார்கள். தாய் பக்கத்திலேயே நிற்பாள். "சாப்பிட்டியா?" "ம்." "படிக்கிறியா?" "ம்." அவ்வளவுதான். விளையாட்டு செரினே கண்டுபிடித்த வழி. அதில் எழுத்தில் பேசிக்கொள்ளலாம். 'அம்மாகிட்ட சொல்லிடாதப்பா' என்று முதல் நாளே எழுதியிருந்தாள். மூன்று வருடமாக அவர்கள் குடும்பம் நடத்தியது அந்தக் கணினிப் பெட்டிக்குள்தான்.

பெட்டியோ செரின் பிறந்த வருடம் வாங்கியது. அவள் வளர்ந்தாள், அது வளரவில்லை. வசந்த காலத்தில் விளையாட்டின் புதிய பதிப்பு வந்ததிலிருந்து திரை விக்கி விக்கி நகர்ந்தது. ஜோங்கு மருந்து வீசும் பொத்தானை அழுத்துவார், அது போய்ச் சேருவதற்குள் மகள் மண்ணில் கிடப்பாள்.

'அப்பா, மறுபடியும் செத்துட்டேன்.'

செரினின் பள்ளித் தோழர்கள் மூன்று பேர் அவர்களுடைய விளையாட்டுக் குழுவில் உண்டு. 'உங்க வைத்தியர் குறட்டை விடறாரா?' என்று ஒருவன் எழுதினான். அடுத்த வாரம் செரின் தனியாக எழுதினாள்: 'அடுத்த மாசம் பெரிய வேட்டை இருக்குப்பா. உன் மெஷின் இப்படியே இருந்தா வேற வைத்தியரைச் சேத்துக்குவாங்களாம். வாய்ஸ்லயும் வரணுமாம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்.'

ஜோங்குவின் பெட்டியில் குரல் இணைப்பைப் போட்டால் விளையாட்டே உறைந்துவிடும். குழுவிலிருந்து விலக்கினால் சனிக்கிழமை போய்விடும், சனிக்கிழமை போனால் மகள் போய்விடுவாள். அது அவருக்கு எழுதிக் காட்டாமலே புரிந்தது.

வெளியே, மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் கணினி விளையாட்டுக் கடையான பிசி பாங்கில் போய் உட்கார்ந்து விளையாடலாமே என்றால், அதையும் ஒருமுறை செய்து பார்த்தார். பக்கத்து இருக்கைப் பள்ளிப் பையன்கள் அவர் திரையில் ஆடிய வாலையும், அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார்.

பழைய பொருள் விற்கும் செயலியில் கிராபிக்ஸ் கார்டு தேடினார். 'இளம்பெண் உபயோகித்தது, இணையம் மட்டுமே பார்த்தது, புகைபிடிக்காத வீடு' என்று ஒவ்வொரு விளம்பரத்திலும் இருந்தது. நாட்டிலுள்ள இளம்பெண்கள் எல்லோரும் பூதம் கொல்லும் கார்டை வாங்கிவைத்துச் சமையல் குறிப்பு பார்த்தார்கள் என்று நம்பவேண்டும். உண்மையில் பாதி கார்டுகள் டிஜிட்டல் நாணயம் தோண்ட இரவு பகலாக வறுத்தெடுக்கப்பட்டவை. ஜோங்கு ஏமாறுகிற ஆள்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் ஏமாற அவருக்குத் தைரியமில்லை.

அப்போதுதான் யோ கப்சு தன் பிசி பாங்கை மூடப்போகிற செய்தி காதில் விழுந்தது. கப்சு, தளத்தில் கூட வேலை பார்த்த மூத்தவர். தளத்தை மூடும்போது கிடைத்த பணத்தில் அறுபது கணினி போட்டுக் கடை திறந்தவர். ஜோங்கு போனபோது கடையில் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"வாடா ஜோங்கு. மலர்வளையம் எங்க?"

"யாருக்குண்ணே?"

"கடைக்குத்தான். சாவு வீட்டுக்கு எவனாவது வெறுங்கையோட வருவானா?"

ஜோங்கு தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். கப்சு பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"கார்டு மட்டும் மாத்தினா ஆகாதுடா. மூளையே பழசு."

"மெஷினுக்கா, எனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான். புதுசா சிப்பு போட்டா போர்டு மாத்தணும், போர்டு மாத்தினா மெமரி மாத்தணும். கடைசில உன் பழைய மெஷின்ல பவர் பட்டன் மட்டும்தான் மிஞ்சும். உன் போர்டுலயே உக்கார்ற பெரிய சிப்பு ஒண்ணு என் கவுண்டர் மெஷின்ல கெடக்கு. கழட்டிக்க. மெமரியும், பவர் சப்ளையும் அதுலயே எடுத்துக்க."

"கார்டுண்ணே?"

"அறுபதையும் மொத்தமா அள்ளிட்டுப் போக தேஜோன்லேருந்து ஆள் வரான். அதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்துக்க. சமையல்கட்டுப் பக்கம் போகாத, எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. முப்பத்தேழாம் நம்பரைத் தூக்கு. அங்க ஏசி நேரா மூஞ்சில அடிக்கும், ஒரு பயலும் உக்கார மாட்டான். கன்னி கழியாத கார்டு."

"இதத்தான்ண்ணே எல்லா விளம்பரத்துலயும் போடறாங்க."

கப்சு சிரித்தார். பிறகு ஒரு ஹெட்செட்டை எடுத்துச் சட்டையில் துடைத்து நீட்டினார். "இதுக்குக் காசு வேண்டாம். பொண்ணு குரலை நல்லாக் கேளு." ஜோங்கு முட்டிக்கு ஊசி போட ஒதுக்கியிருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டியைத் திறந்தார். கார்டு பெட்டிக்கு இரண்டு விரற்கடை அதிக நீளம். ஹார்ட் டிஸ்க் செருகும் இரும்புக் கூடு குறுக்கே நின்றது. வேறு யாராவது இருந்தால் தலையில் கைவைத்திருப்பார்கள். ஜோங்கு எழுந்துபோய்க் கட்டிலுக்கடியிலிருந்து அறுப்பு மெஷினை எடுத்தார். பால்கனியில் பொறி பறந்தது. கீழ்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து கத்தினாள்.

"மேல என்னங்க நடக்குது? கட்டடத்தையே அறுக்கறீங்களா?"

"இல்லம்மா, கம்ப்யூட்டரைத்தான்!"

ஜன்னல் மூடிக்கொண்டது.

அறுத்த ஓரங்களை அரத்தால் ராவி, விரலை ஓடவிட்டுப் பார்த்தார். கார்டின் விசிறிகளைப் பல்துலக்கும் தூரிகையால் சுத்தம் செய்தார். முதல் தடவை திரையில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. மெமரியைக் கழற்றி மறுபடி அழுத்தினார், வந்தது. பெட்டி சூடானதும் உள்ளிருந்து லேசாக ராம்யோன் நூடுல்ஸ் வாசனை அடித்தது. விளையாட்டைத் திறந்தார். அந்த உலகத்தில் புல் காற்றில் அசையும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். செரினின் வீராங்கனை தலைமுடியில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தாள். எத்தனை நாளாகக் கட்டியிருந்தாளோ. ஜோங்குவுக்கு அன்று ஒரே சந்தோஷம், தனியாக உட்கார்ந்து சிரித்தார்.

அந்த வாரம் முழுக்கத் தண்ணீர் பாட்டில் லாரியை ஓட்டிக்கொண்டே ஒத்திகை பார்த்தார். "செரின், அப்பா பேசறேன்." சே, தொலைபேசி மாதிரி இருக்கிறது. "என்னம்மா, கேக்குதா?" இது பரவாயில்லை.

சனிக்கிழமை ஆறே முக்காலுக்கே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். ஏழுக்கு இணைப்பு விழுந்தது. பையன்கள் இன்னும் வரவில்லை.

"அப்பா? வந்துட்டியா?"

குரல் கனத்திருந்தது. பெரிய பெண்ணின் குரல். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்டது. ஜோங்குவுக்கு ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. ஒரு சொல்லைத் தேடி எடுப்பதற்குள் அங்கே கதவு திறக்கும் ஓசை வந்தது.

"செரின், பேரிக்காய் நறுக்கியிருக்கேன். இங்க வைக்கட்டுமா?" ஓர் ஆணின் குரல்.

"அங்கேயே வைங்கப்பா. இதோ சாப்பிடறேன்."

எந்தத் தயக்கமுமில்லாமல், நாக்குக்குப் பழகிப்போன சொல்லாக அது வந்தது. கதவு மூடியது. அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்திருக்கவேண்டும். பிறகு, மிக மெதுவாக:

"அப்பா... கேக்குதா?"

பயந்த குரல். அவளுக்கு நான்கு வயதாக இருந்தபோது சோயா சாஸ் பாட்டிலை உடைத்துவிட்டு இதே குரலில் கூப்பிட்டாள். ஜோங்கு ஒலிவாங்கியை அணைத்தார். விசைப்பலகையை இழுத்தார்.

'செரின், இருக்கியா? ஒரு சத்தமும் வரல. கடைக்கார கப்சு அண்ணன் ஓட்டை ஹெட்செட்டை என் தலையில கட்டிட்டாரு.'

'நிஜமாவா? ஒண்ணுமே கேக்கலையா?'

'ஒண்ணுமே கேக்கல.'

காதில் ஒரு பெருமூச்சு கேட்டது. அவள் நிம்மதியாக விட்ட மூச்சு.

பையன்கள் வந்தார்கள், வைத்தியருக்கு ஒன்றும் கேட்காதென்று செரின் சொல்லிவிட்டாள், வேட்டை தொடங்கியது. பெட்டி ஒரு தடவைகூட விக்கவில்லை. "இடது பக்கம்! செரினுக்கு அடி!" என்று பையன்கள் கத்துவதற்கு முன்பே மருந்து போய்ச் சேர்ந்தது.

"யாருடா இந்த வைத்தியர், கேக்காமலே இந்த ஆட்டம் ஆடறாரு!"

"இப்படி ஆடினா ஊமையா இருந்தாக்கூடப் பரவாயில்ல."

எட்டரை வாக்கில் கதவு மறுபடி திறந்தது. தட்டை எடுக்க வந்திருப்பார். செரின் மைக்கை மூடவில்லை, மூடவேண்டிய அவசியம் அவளுக்குத் தெரியவில்லை.

"அட, பூனைக்காதெல்லாம் வச்சுக்கிட்டு. இது யாரு?"

"அதுவா? டீம்ல இருக்கற ஒரு அங்கிள்ப்பா."

"நல்லா விளையாடறாரே."

"ம். ரொம்ப நல்லவரு."

ஜோங்கு பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். வேட்டையில் ஜெயித்தார்கள். பையன்கள் கூச்சல் போட்டார்கள். செரின் எழுதினாள்: 'அப்பா சூப்பர்! மெஷின் பறக்குது! அடுத்த வாரம் வேற ஹெட்செட் வாங்கிடறியா?'

'பெட்டியிலேயே கோளாறாம். சரிபண்ண முடியாதாம்.'

'பரவாயில்லப்பா. எழுதியே பேசிக்கலாம்.'

அப்படித்தான் முடிவாயிற்று. கப்சு விசாரித்தபோது, "தெளிவாக் கேக்குதுண்ணே" என்றார். அது பொய்யில்லை.

இப்போதும் ஒவ்வொரு சனிக்கிழமையும் காது கேட்காத வைத்தியராக ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்காருகிறார். அங்கே குக்கர் விசில் அடிப்பது, அவள் கணக்கில் மார்க் வாங்காதது, அந்த மனிதர் அதற்குத் திட்டாமல் சிரித்தது, பல்லுக்குக் கம்பி போட்டதிலிருந்து அவள் பேச்சு லேசாகக் குழறுவது எல்லாம் அவருக்குத் தெரியும். அந்த மனிதர்மேல் கோபப்படவும் முடியவில்லை, நல்ல மனிதராகத்தான் இருக்கிறார். அதுதான் ஜோங்குவுக்குத் தாங்கவில்லை.

போன வாரம் செரின் இருமிக்கொண்டே இருந்தாள். வறட்டு இருமல், நெஞ்சிலிருந்து வந்தது. வீட்டில் யாரும் இல்லை போலிருக்கிறது, யாரும் என்னவென்று கேட்கவில்லை. ஜோங்கு கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பொறுக்கமுடியாமல் அடித்தார்: 'ஏம்மா இப்படி இருமற? வெந்நீர் குடி.'

அனுப்பவில்லை. ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். அழித்துவிட்டு, 'நான் தயார், போகலாம்' என்று எழுதி அனுப்பினார்.