சரளா எழுதிய பிழைச் செய்தி

போன வியாழக்கிழமை பிற்பகல், அடையாறில் எங்கள் அலுவலகத்தில் ஒரு கைபேசிச் செயலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திறந்த சில நிமிடங்களில் அது தானாக மூடிக்கொள்கிறது. ஏன் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. அந்த நேரத்தில்தான் சரளாவின் மகள் கூப்பிட்டாள். "அம்மா காலைல போயிட்டாங்க ஆன்ட்டி" என்றாள். அவளே தொடர்ந்தாள்: "நேத்து சாயங்காலம்கூட, வார்டு கடிகாரம் பத்து நிமிஷம் லேட்டா ஓடுதுன்னு நர்ஸ்கிட்ட சண்டை போட்டாங்க." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

அந்தச் சிரிப்பு ஏன் வந்தது என்பது, தொண்ணூறுகளில் தியாகராய நகர் மாடியில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெரிந்தவர்கள் இன்னொரு முறை கேட்டால் ஒன்றும் குறைந்துபோய்விடாது.

எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேலே இருந்தது எங்கள் கம்பெனி. மொத்தம் ஆறு பேர். நான் புரோகிராம் எழுதுகிறவள். பட்டம் வாங்கிய திமிர் உச்சந்தலை வரைக்கும் இருந்தது. சரளா ராயப்பேட்டையிலிருந்து வருவாள். தொலைபேசியை எடுப்பது அவள் வேலை. எங்கள் இருவருக்கும் ஒரே வயது. அதனால்தான் 'அவள்' என்று எழுதுகிறேன். 'அவர்' என்று எழுதினால், "இன்னா பானு, புதுசா மரியாத?" என்று கேட்பாள்.

வாடிக்கையாளர் யாராவது கம்ப்யூட்டர் படுத்துகிறது என்று புலம்பினால் நாங்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, திரையில் என்ன தெரிகிறது என்பது. சரளா அப்படிக் கேட்கமாட்டாள். "பொட்டி இன்னா பண்ணிச்சுன்னு அப்பால சொல்லுங்க. அதுக்கு மின்னாடி நீங்க இன்னா பண்ணிகினு இருந்தீங்க?" என்பாள். எதிர்முனையில் இருப்பவர் காப்பி குடித்ததிலிருந்து ஆரம்பிப்பார். அவளும் கடைசிவரை கேட்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். வேலை வெட்டி இல்லாதவள் என்று நினைத்திருக்கிறேன்; அவளிடமே சொல்லியும் இருக்கிறேன்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு திருமணத் தகவல் மையம் எங்கள் வாடிக்கையாளர். நடத்தியவர் வைத்தா மாமா. கம்ப்யூட்டரில் உட்காருவது அம்புஜம் மாமி, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜாதகத்தைப் பதிவு செய்தால் என் புரோகிராம் ஒரு சீட்டு அச்சடித்துத் தரும். அதில் பெயர், நட்சத்திரம், பதிந்த நாள், நேரம் எல்லாம் இருக்கும். அந்தப் புரோகிராம் கிட்டத்தட்ட தினம் ஒருமுறை மாயமாக மறைந்துகொண்டிருந்தது. எச்சரிக்கை இல்லை, பிழைச் செய்தி இல்லை. மறுபடி திறந்தால் சமர்த்தாக ஓடும். ஆனால் அடித்து வைத்திருந்த ஜாதகம் போயிருக்கும்.

வைத்தா மாமா தொலைபேசியில் கத்தியது பாத்திரக் கடைக்கே கேட்டிருக்கும். "பொண்ணாத்துக்காரா எதிர்ல உக்காந்துண்டிருக்கா! பொசுக்குனு ஜாதகம் காணாமப் போயிடுத்துன்னா அவா அபசகுனம்னு எழுந்து போயிட மாட்டாளா? உங்க பொட்டியை எடுத்துண்டு போயிடுங்கோ!"

நான் மூன்று வாரம் போனேன். மற்ற நாட்களில் வேறு வேலை இருந்ததால் மூன்று முறையும் திங்கட்கிழமை. மூன்று முறையும் அது விழவே இல்லை. மாமி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "உங்களுக்குத்தான் சரியா கையாளத் தெரியல" என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு எவ்வளவு நாக்கு நீளம்!

எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா நீ வேற எடம் பாத்துக்கோம்மா" என்றார். வேலை போவதைக் காட்டிலும் அதற்கு அடுத்தது எனக்குப் பயம். ஆதம்பாக்கத்தில் என் அப்பா, வேலை பார்க்கிறவரை கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார். கூடவே என் ஜாதகத்தில் நாலு நகலும் எடுத்து வைத்திருந்தார். வேலை போன மறுநாள் அந்த நகல் அதே வைத்தா மாமா மேஜைக்குப் போகும். அதையும் என் புரோகிராமே முழுங்கிவிடும் என்று சரளா கேலி செய்தாள். எனக்கோ தூக்கம் போயிருந்தது.

"நான் போய் குந்திகினு பாக்கறேன்" என்றாள். திங்கட்கிழமையிலிருந்து தினமும் போனாள். கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. ஒரு நீள நோட்டும் ஒரு பொட்டலம் முறுக்குமாக மூலை நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் கதை பேசிக்கொண்டு, அது விழுகிற நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டாள். சனிக்கிழமை மத்தியானம் அலுவலகத்துக்குத் திரும்பி எனக்குப் படித்துக் காட்டினாள். திங்கள், விழவில்லை. செவ்வாய் நாலரை தாண்டி. புதன் ஒன்றரை தாண்டி. வியாழன் மூன்று. வெள்ளி பன்னிரண்டு. சனி பத்தரை.

"ஒரு ஒழுங்கும் இல்லையே" என்றேன். அவள் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். எழுந்துபோய் நாள்காட்டித் தாளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அடியே பானு, உன் புரோகிராமு ராகு காலம் பாக்குதுடி!"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது" என்றேன்.

"நீ நம்பறியான்னு எவ கேட்டா? பொட்டி முன்னாடி குந்தினுகீற மாமி நம்பறாங்க இல்ல? தெனமும் ராகு காலம் முடியற டைமுலதான் வுழுது. திங்கக்கெழம கட தொறக்கறதுக்குள்ளயே ராகு காலம் பூடுது. நீ மூணு வாரமும் அன்னிக்கே போய் காப்பி குடிச்சிட்டு வந்துகீற!"

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு இருவரும் மயிலாப்பூரில் இருந்தோம். மையத்தில் கூட்டம் நெரிந்தது. நாலரை ஆனதும் அம்புஜம் மாமி சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார். சத்தமில்லாமல் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைத் திறந்து மணியை ஆறு தாண்டி நகர்த்தினார். வந்தவர்களுக்கு வரிசையாகச் சீட்டு அடித்துக் கொடுத்தார். நிஜமாகவே ஆறு மணி ஆனதும் கடிகாரத்தைப் பழையபடி பின்னுக்கு இழுத்தார். அடுத்த சீட்டுக்குப் பொத்தானை அழுத்தினார். புரோகிராம் மறைந்தது. சரளா கைதட்டினாள்.

மாமிக்கு முகம் வெளிறிவிட்டது. "தப்பாடிம்மா? சீட்டுல ராகு காலத்து மணி அச்சாயிருந்தா யாரும் கையால தொடமாட்டேங்கறா. ஒண்ணரை மணி நேரம் உக்காருங்கோன்னு சொன்னா, எதுத்த தெருவுல இருக்கற மையத்துக்குப் போயிடறா. நான் என்ன பண்ணுவேன்?"

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் புரோகிராம் எவ்வளவு வேகம் என்று காட்டுவதற்காக, ஒரு சீட்டுக்கும் அடுத்த சீட்டுக்கும் நடுவே எத்தனை நிமிடம் என்று கழித்துப் பார்க்க வைத்திருந்தேன். நேரம் பின்னால் போனால் விடை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். அப்படி இறங்கினால் என்ன செய்வதென்று நான் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நேரம் பின்னால் போகும் என்று யார் கண்டது?

"சரி, வுழுந்துச்சு. ஏன் கத்தல?" என்று சரளா கேட்டாள்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பிழைச் செய்தி வந்தால் என் புரோகிராமைக் குறை சொல்வார்கள் என்று, எந்தத் தவறு நடந்தாலும் சொல்லாமல் மூடிக்கொள் என்று எழுதிவைத்தவள் நான்தான். தவறே நடக்காது என்ற நினைப்பில் அதை மறந்தும் போயிருந்தேன். அவள் காதில் மட்டும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "வுழுந்துட்டுக் கத்தற கொழந்தையப் பத்தி பயமே இல்ல பானு. நீ அதும் வாயப் பொத்தி வெச்சிட்ட" என்றாள்.

அதற்குள் வைத்தா மாமா வந்துவிட்டார். "யாரு பண்ணின தப்பு? இப்ப எனக்குத் தெரிஞ்சாகணும்." மாமி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றார். கடிகாரத்தைத் திருப்பியது அவர். அதைச் சொன்னால் போதும், என் வேலை தப்பிக்கும், மாமியின் வேலை போகும். ஆதம்பாக்கத்து நாலு நகலும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. சரளாவைப் பார்த்தேன். எப்போதும் ஓயாத வாய், அன்றைக்குப் பார்த்து மூடியிருந்தது. முறுக்கைக்கூட மெல்லவில்லை.

"தப்பு என்னுது மாமா" என்றேன். "நேரத்தை மாத்தினா தாங்கற மாதிரி நான் எழுதல. தப்பு நடந்தா அதை வெளிய சொல்லவும் விடல."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடிப்பாவி! நீ இப்ப சொன்னதை உன் பொட்டி ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லியிருந்தா நான் இவ்வளவு கத்தியிருப்பேனா?" என்று உரக்கச் சிரித்தார். மறுநாள் எங்கள் முதலாளியைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணையே அனுப்புங்கள், சீட்டில் மணியே வேண்டாம், தேதி போதும் என்றாராம். என் வேலை நிலைத்தது. மாமி சரளாவுக்கு ஒரு டப்பா ரவா லாடு கொடுத்தனுப்பினார். எனக்கு அதில் இரண்டுதான் கிடைத்தது.

பிழைச் செய்தியை நான் ஆங்கிலத்தில் எழுதப் போனேன். சரளா விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்லத் தமிழில் அடித்தேன்: "ஒரு தவறு நடந்துவிட்டது. அது உங்கள் தவறு அல்ல. சரளாவைக் கூப்பிடுங்கள்." கீழே அலுவலகத்து எண். நடுவில் உள்ள வாக்கியம் எதற்கு என்று கேட்டேன். "மாமி மூஞ்சியப் பாத்த இல்ல?" என்றாள். அதன் பிறகு தவறே நடக்காத நாட்களிலும் மாமி கூப்பிடுவார். இருவரும் அரைமணி நேரம் பேசுவார்கள். மூன்று வருடம் கழித்து, என் சம்மதத்தோடுதான், என் ஜாதகமும் அந்த மையத்தில் பதிவானது. பதிந்த நேரம் ராகு காலமா என்று சீட்டில் தெரியாது. கல்யாணத்துக்கு வந்த சரளா அதைச் சொல்லிச் சொல்லிப் பந்தியையே சிரிக்கவைத்தாள்.

அந்த நீள நோட்டு என்னிடம் இருக்கிறது. முறுக்கு எண்ணெய்க் கறை படிந்த பக்கத்தில் ஆறு நாட்களின் மணிக் கணக்கு. வெள்ளிக்கிழமை அவளைக் கடைசியாகப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், கைபேசிச் செயலி விழுந்துகொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்கு, ராஜா அண்ணாமலைபுரத்துக்கு நானே போனேன். "அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டேன். அந்த அம்மாள் காப்பி குடித்ததிலிருந்து ஆரம்பித்தார். குறுக்கே பேசாமல் கேட்டேன். காரணம் கிடைத்தது.

திரும்பி வந்ததும், இனி செயலி மூடுவதற்கு முன் காட்ட வேண்டிய செய்தியை என்னையே எழுதச் சொன்னார்கள். யோசிக்கவே இல்லை, விரல்கள் தாமாக அடித்தன. ஒரு தவறு நடந்துவிட்டது. அது உங்கள் தவறு அல்ல. சரளாவைக் கூப்பிடுங்கள். அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதை அழித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.