சீமைப் பூ வைத்த கரை

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். பட்டுச் சேலைக் கரைகளுக்குக் கட்டத்தாளில் டிசைன் போடுவது என் தொழில். அந்தத் தாளைப் பார்த்து அட்டைகளில் துளை குத்துவோம். அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஏற்றினால், துளை விழுந்த இடத்தில் சரிகை பூவாக எழும். தாளின் மூலையில் பிள்ளையார் சுழி போடாமல் நான் வேலையைத் தொடங்கியதில்லை.

அறுபதுகளின் கடைசியில் எங்கள் முதலாளி, அன்னமும் மயிலும் போட்டது போதும், மெட்ராஸ் கடைக்காரர்கள் மாடர்னாகக் கேட்கிறார்கள் என்றார். அங்கே ஓவியப் பள்ளியில் படித்த ஒருவர் இருக்கிறாராம். தீபாவளிக்குள் நான் புதிதாக ஒன்று கொடுக்காவிட்டால் இனி டிசைன் வேலை அவரிடம்தான் போகும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார்.

அதற்குப் பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். தீப்பெட்டிப் படம், பிஸ்கட் டப்பா மூடி, போட்டோ ஸ்டுடியோவில் தொங்கும் திரை. எதுவும் கட்டத்துக்குள் உட்காரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாம்பிராணி வாங்கினேன். கடைக்காரர் பழைய வாரப் பத்திரிகைத் தாளில் மடித்துக் கொடுத்தார். வீட்டில் பிரித்தால் உள்ளே ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ. ஏதோ வெளிநாட்டுத் தோட்டம். கிண்ணம் போல நிமிர்ந்த பூக்கள். பெயர் தெரியாது. எடுத்தவர் தரையில் படுத்துக்கொண்டு எடுத்திருக்க வேண்டும், பூவுக்குப் பின்னால் வானம் மட்டும்தான் இருந்தது. நாங்கள் கரையில் விரல் வைக்கக்கூட இடம் விடமாட்டோம். ஒரு பூவைச் சுற்றி இவ்வளவு வெற்றிடம் விடலாம் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. சாமி முன் சாம்பிராணி போட்டுவிட்டு அன்றைக்கே உட்கார்ந்தேன்.

மூன்று இதழ், அடியில் சின்னக் காம்பு. பச்சைக் கரையில் தள்ளித் தள்ளி ஒவ்வொரு பூ. நிறத்தை நானாகத்தான் நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பக்க இதழ்களுக்கு வெள்ளிச் சரிகை, நடு இதழுக்குச் சிவப்புப் பட்டு. முதலாளி தாளைப் பார்த்துத் தலையாட்டினார்.

பக்கத்துக் கிராமமான ஓரிக்கையில் எங்களுக்கு நெய்பவர் ஒருவரின் தறியில் ஏற்றினோம். மூன்றாம் நாள் ஆள் அனுப்பினார். போனால், ஒரு சாண் நெசவு ஓடியிருந்தது. அவர் தறியை விட்டு எழுந்து வெளியே உட்கார்ந்திருந்தார்.

“இது இன்னாபா?”

“பூ. சீமைப் பூ.”

“தள்ளி நின்னு பாரு. ரெண்டு பக்கம் வெள்ள, நடுவுல செவப்பு. பெருமாள் நெத்தியில இருக்கறது பொம்பளைங்க கால்ல பொரண்டுக்கினு போவணுமா? நான் நெய்ய மாட்டேன்பா.”

தள்ளி நின்று பார்த்தேன். வரிசையாக நாமம். அவர் நெற்றியில் பத்து வருஷமாக நான் பார்த்து வருவதும் அதேதான். நான் விபூதி பூசுகிறவன், முதலாளியும் அப்படியே. எங்கள் கண்ணுக்கு அது பூவாகவே இருந்துவிட்டது.

“பட்டை போட்டுக்கற ரெண்டு பேரு சேந்து பார்த்தா இப்டிதான் ஆவும்” என்று அவர் மனைவி நூல் சுற்றியபடியே சொன்னார்.

வேறு அட்டை குத்த நாள் இல்லை. சிவப்புக்கான அட்டைகளைக் கழற்றிவிட்டு, வெள்ளிச் சரிகைக்கான அட்டைகளில் நடுவிலும் துளை கூட்டினேன். மூன்று இதழும் ஒட்டி ஒரே மொட்டாயின. வெற்றிடத்தில் மட்டும் கை வைக்கவில்லை. மெட்ராஸில் அந்தக் கரை பிடித்துப்போயிற்று. வேலை என்னிடமே நின்றது. கடைக்காரர்கள் அதைத் தாமரை மொட்டு என்றார்கள். நான் மறுக்கவில்லை.

முதலில் நெய்த ஒரு சாண், பாவு நூலின் தொடக்கத்திலேயே இருந்ததால் அதை வெட்டி எடுத்திருந்தோம். குப்பையில் போட எனக்கும் மனசு வரவில்லை. ஆற்றில் விட்டுவிடலாமா என்று கேட்டேன். பாலாற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று நெய்தவர் சிரித்தார். பிறகு கரையை மட்டும் கத்தரித்து, வீட்டுப் பெருமாள் படத்தின் மேல் சட்டத்தில் சுற்றிக் கட்டினார்.

“இங்க இருந்துட்டுப் போவட்டும்பா. இங்கதான் கால் படாது.”

அடுத்த முறை போனபோது அதில் துளசி செருகியிருந்தார்கள். நானும் கும்பிட்டேன். கொண்டுபோன புது அட்டைகளைக் கொடுத்துவிட்டு வந்தேன்.