பேஸ்போல் மைதானத்தில் ஓர் அம்பாப் பாட்டு

கதிர்காமநாதனைப் போலப் பயந்த மனிதரைச் சிட்னியின் பென்டில் ஹில் முழுக்கத் தேடினாலும் காண முடியாது. பக்கத்து வீட்டுக்காரன் நான் மணி அடித்தாலும் குசினிக்குள் போய் ஒளிந்துகொள்வார். இவர்தான் ஒரு பேஸ்போல் அணிக்குப் பாட்டுக் கொடுத்தவர் என்றால் யார் நம்புவார்கள்?

எண்பத்தொன்பதில் ஒரு சின்னக் கிளப்பின் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை அவருக்கு. ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் மழை கொட்டியது. தரையை மூடும் தார்ப்பாயை ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பக்கமாக இழுத்துத் தடுமாறினார்கள். யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் கரைவலை இழுத்த மனிதர், பொறுக்க முடியாமல் அம்பா பாடத் தொடங்கிவிட்டார். தகப்பனின் வள்ளத்தில் பாடிய பாட்டு. ஒருவர் வள்ளத்து ஆட்களின் பெயர்களைக் கூப்பிட, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று இழுக்க வேண்டும். பழக்கதோஷத்தில் தம்பி சிறியின் பெயரையும் கூப்பிட்டுவிட்டார். தார்ப்பாய் ஒரே மூச்சில் வந்து சேர்ந்தது. அடுத்த கிழமையிலிருந்து ஆட்டத்துக்கு முன் அந்த வெள்ளைக்காரப் பெடியன்கள் அதையே பாடினார்கள், சிறியையும் சேர்த்து.

பிறகு வானொலிக்காரர்கள் பாட்டைப் பதிய வருவதாகக் கிளப் தலைவர் சொன்னார். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. சிறி கொழும்பில் வேறு பெயரில் ஒளிந்திருந்தான். தேடி வந்த இராணுவத்திடம், அவன் கடலில் செத்துப்போனான் என்று குடும்பம் பொய் சொல்லியிருந்தது. வானொலியில் அந்தப் பெயர் கேட்டால் அவன் உயிரோடிருப்பது தெரிந்துவிடும் என்று இவருக்குப் பயம். சிறி என்று கூப்பிட்டால் பாதி யாழ்ப்பாணம் திரும்பிப் பார்க்குமே, உங்கள் தம்பி என்று யார் கண்டார் என எரிந்து விழுந்தேன். கேட்டால்தானே. அப்படியென்றால் பெயரை விட்டுவிடுங்கள் என்றேன். முகம் வெளிறிப்போனது.

"எங்கட வள்ளத்தில, கடலில செத்தவன்ர பேரைத்தான் விடுறது. நான் விட்டால், நானே அவனைச் சாக்காட்டினமாதிரி."

ஆனாலும் பதிவன்று விட்டார். அந்த இடத்தில் இரண்டு தரம் கை தட்டினார். பெடியன்களுக்கு அதுவும் பிடித்துப்போனது.

அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து வரும் சிறியின் தொலைபேசி அழைப்புகள் நின்றுவிட்டன. மனைவி யோகராணி விளக்கு வைத்துக் கும்பிட, இவர் பக்கத்தில் இருந்து நடுங்குவார். எரிந்து விழுந்த நானும் போய்ப் பக்கத்தில் நின்று கும்பிடுவேன்.

மாதங்கள் கழித்துப் பாங்கொக்கிலிருந்து பேசினான் பாவி. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் யாரோடும் பேசக்கூடாது என்று மறித்து வைத்திருந்தானாம். அடுத்த வருடம் சிட்னியில் வந்து இறங்கினான். விமான நிலையத்துக்கு நான்தான் கார் ஓட்டினேன். கதிர்காமநாதன் தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்.

"இஞ்ச ஒருத்தருக்கும் உன்ர பேரைச் சொல்லிப்போடாதை."